‘ம்’ கணக்கில் சேராது

நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது என்று தையல்நாயகிக்கு முதன்முதலாகச் சொன்னது பெர்னதெத் என்கிற அந்தப் பொண்ணுதான். பங்குனியில், வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவைத்த அன்றைக்கு, லிஃப்ட் வரட்டும் என்று சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னாள். நெஞ்சுவலி வந்து பிழைத்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பொண்ணுக்கு உத்தியோகம். ‘சாரைப் படுக்க வெச்சே பாத்துக்காதீங்கம்மா, நடக்க விடுங்க. எவ்ளோ வேகம்னு கேப்பீங்க. அதுக்கு மிஷினெல்லாம் வேணாம். கூடவே பேசிக்கிட்டு நடங்க. பேச முடியுதா, சரி. பாட்டே பாடுற அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கா, நடை பத்தலைன்னு அர்த்தம், இன்னும் எட்டிப் போடணும். பேசவே முடியலையா, அங்கயே நின்னுடணும். அவ்ளோதாம்மா.’ நாயகி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியில் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிப் பழகியிருந்தாள்; ‘கோதண்டபாணி அட்டெண்டர்!’ என்று நர்ஸ் கத்தும்போதெல்லாம், வாயால் ஒருநாளும் சொல்லியிராத அந்தப் பேரைக் கேட்டு ஒரு நொடி கூசி, பிறகுதான் அட்டெண்டர் என்றால் நாம்தான் என்று எழுந்து ஓடி, அங்கேயும் தலையை ஆட்டினாள். லிஃப்ட் கதவு சாத்தி, அடிவயிற்றை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பேசிக்கொண்டே நடக்கணுமாமே, இவர் எங்கே பேசுவார்? முப்பது சொச்சம் வருஷமாக இந்த மனுஷர் வாயிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ‘ம்’தானே.

அந்த ‘ம்’மிலும் எத்தனை விதம் உண்டு என்று அவளைக் கேட்டால் தெரியும். சோறு போடவா என்றால் ஒரு ‘ம்’, சின்னது, மூக்கோடு முடிந்துவிடும். குழம்பில் உப்பு கூடிப்போச்சோ என்றால் கொஞ்சம் இழுத்த ‘ம்’. கூடித்தான் போச்சு, போகட்டும் விடு. மகள் மங்கைக்கு வந்த வரன் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது வந்த ‘ம்’ அடிநெஞ்சிலிருந்து வந்தது, அதில் சம்மதமும் இருந்தது, பெண்ணை அனுப்பிவிட்டு எப்படி இருக்கப்போகிறோம் என்பதும் இருந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவிலேயே வயசைக் கழித்தவர். அங்கே கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, கையைக் காட்டினால் போதும், கண்ணைக் காட்டினால் போதும். அப்படியே பழகிப்போய், ரிட்டையரான பிறகும் வாயைத் திறக்கவில்லை. கதை சொல்கிறவளுக்கு உம் கொட்ட ஒரு ஆள் வேண்டுமே, எனக்கு வாய்ச்சது அதுக்குன்னே பொறந்து வந்தது என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நேற்று மறுபரிசோதனைக்குப் போனபோதுகூடப் பெருமையாகத்தான் சொன்னாள், ‘நல்லாப் பேசுறாரும்மா, நான் கேக்குறதுக்கெல்லாம் ம்முங்கிறார்.’ பெர்னதெத் சிரித்தே விட்டாள். ‘ம் கணக்குல சேராதும்மா. அதுக்கு மூச்சே வேணாம், வாயை மூடிக்கிட்டே சொல்லலாம். முழுசா ஒரு பேச்சு வரணும், நடுவுல மூச்சு அறுபடாம. என்ன சார், பேசுவீங்களா?’ அவர் சொன்னார்: ‘ம்.’ அந்தப் பொண்ணு இன்னும் சிரித்தாள். நாயகிக்கு மட்டும் உள்ளங்கை சில்லிட்டுப்போனது. மூச்சே வேணாம் என்றாளே. மூச்சு இல்லாமலும் ‘ம்’ வருமா? அப்படியென்றால் அன்றைக்கு வந்த ‘ம்’.

அதை நினைக்கக் கூடாது. ஆத்தா, மகமாயி, சமயபுரத்தாளே, இப்போது அதை நினைக்க வைக்காதே, பாலம் முன்னால் நிற்கிறது. ரயில்வே மேம்பாலம். பஸ்ஸில் போகும்போது இது ஒரு ஏற்றமாகவே தெரிந்ததில்லை. கண்டக்டரிடம் சில்லறை வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். இன்றைக்குக் காலையில், வெயில் ஏறாத நேரத்தில், டீக்கடைக்காரர் முதல் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கீழே நின்று பார்த்தால் மலை மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர், மகன் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார், பார்த்துவிட்டு ஏற ஆரம்பித்துவிட்டார். ஏறத்தான் வேண்டும் என்றாள் பெர்னதெத். ‘நீங்க சாரை சப்பரம் நகட்டுற மாதிரி நகட்டிக்கிட்டிருக்கீங்கம்மா. மேல ஏறும்போது கால் கேக்கும், ரத்தம் குடு ரத்தம் குடுன்னு. நெஞ்சு குடுத்தாகணும், அதுக்குத்தான் வேகமா அடிக்குது. அது வியாதி இல்ல, அது பதில். யாருமே கேக்காம இருந்தா அது எப்படிப் பலப்படும்? அதுவும் தசைதானே. இப்படியே பலமில்லாம வெச்சிருந்தீங்கன்னா இன்னொரு தடவை வந்தா தாங்காது.’ இன்னொரு தடவை. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், இன்னொரு டம்ளர் தண்ணி என்கிற மாதிரி. கால் கேட்குமாம். நாயகி அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினாள். கேட்காதீங்க, இப்போ கேட்காதீங்க. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது மாசக் கடைசியில் சொல்வாளே, அப்பா களைச்சு வந்திருக்காங்க, இப்போ போய் அது வேணும் இது வேணும்னு கேக்காதீங்க என்று, அதே மாதிரி. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டுக்கும் உருண்டு திரண்டு இறங்கியது. கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இதற்குத்தானே அவள் இத்தனை நாளாக முட்டிவலியைக் கண்டுபிடித்தாள். காலனித் தெருவில் முதல் முதலாக நடக்கக் கூட்டிப்போனபோது நாலு வீடு தாண்டியதும் அவர் எட்டிப் போட்டார், கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது, அதைப் பார்த்ததும் அவள் வாயில் தானாக வந்தது: ‘அம்மாடி, முட்டி.’ அவர் நின்றார். பிறகு அவளுக்காக மெதுவாக நடந்தார். மறுநாளும் அம்மாடி முட்டி. எந்தக் காலில் ஆரம்பித்தோம் என்று அவளுக்கே இப்போது நினைவில்லை. ஒருநாள் ஜன்னலோரம் ஒரு தைல பாட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. எப்போது போய் வாங்கினாரோ. வலிக்காத முட்டியில் அதைத் தேய்த்துக்கொண்டு, கற்பூர நெடி வீடு முழுக்கப் பரவ, ஆத்தா மன்னிச்சுக்க என்று வேண்டிக்கொண்டு படுப்பாள். பெர்னதெத் திட்டிய பிறகு முட்டியைச் சொல்ல வழியில்லை. ‘உங்களுக்கு முட்டி வலின்னா நீங்க கீழ உக்காருங்கம்மா, சார் ஏறட்டும்’ என்றுவிட்டாளே. கீழே உட்காருவதா? அவரைக் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாலைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

பால். எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவர்தான் தூக்கி வந்தார். எத்தனை வருஷமாகத் தூக்கியதுதான், இரும்போடு பழகின கைதான். அடுப்படியில் வைத்துவிட்டுப் போய் பாத்ரூம் வாசற்படியில் உட்கார்ந்தார், ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அவள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கிற நாள்கள் அவை. சமயபுரத்தில் அம்மன் தன் பிள்ளைகளுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் இளநீரும் பானகமுமாக விரதம் இருப்பாளே, அந்த நாள்களில் நாயகியும் ஒருவேளைதான் சாப்பிடுவாள், தலை லேசாகத்தான் இருக்கும். ‘என்னாங்க, தல சுத்துதா?’ என்று கேட்டாள். ‘ம்.’ இப்போதும் அந்த ‘ம்’மைத் திரும்பத் திரும்பக் காதுக்குள் போட்டுப் பார்க்கிறாள். சின்னதாக, மூக்கோடு முடிகிற ‘ம்’. சோறு போடவா ‘ம்’. அதில் ஒன்றுமே இல்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை. அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது, பொங்கிவிடுமே என்று அவள் உள்ளே போனாள். போய் இறக்கினாள், ஒரு துளி அடுப்பில் சிந்திக் கருகியது, துணியை எடுத்துத் துடைத்தாள், எதற்குத் துடைத்தாள்? துடைத்துவிட்டுத் திரும்பி வந்தால் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. நெற்றியில் வேர்வை, பிடரியில் வேர்வை. தொட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி ஜில்லென்று இருந்தது. அடித்துப் பிடித்து ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனதும், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து வழிவிடு வழிவிடு என்று கத்தியதும் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்த ஜில்லிப்பு மட்டும் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. எவ்வளவு வெந்நீரில் பாத்திரம் துலக்கினாலும் போகவில்லை. இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிற அவர் பிடரியைத் தொட்டுப் பார்க்கணும் போல இருக்கிறது. சட்டைக் காலருக்கு மேல் வேர்வை மினுங்குகிறது. சூடா, குளிரா? நடுரோட்டில், காலங்காத்தால, பஸ்ஸும் லாரியும் போகிற பாலத்தில், பேரப்பிள்ளை எடுத்தவள் புருஷன் பிடரியை எட்டித் தொட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கண்ணால் தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்குச் சூடு தெரியவில்லை.

பேச வைக்கணும். ‘ம்’ வராத கேள்வியாகக் கேட்கணும். ராத்திரியே படுக்கையில் கிடந்து நாலைந்து யோசித்து வைத்திருந்தாள், ரேடியோவில் பேட்டி எடுப்பார்களே அந்த மாதிரி. ‘ஏங்க, காலைக்கு என்ன பலகாரம் பண்ணட்டும்?’ அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார்: ‘எதுனாலும்.’ ஒரு சொல். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? ‘மங்கை ஊருல ஒரே மழையாமே, போன்ல உங்ககிட்ட என்ன சொன்னா?’ ‘பெய்யுதாம்.’ மனுஷரா இவர். ஒரு லாரி தடதடவென்று போனது, பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது, அந்த அதிர்வு அடங்கும்வரை பொறுத்து அடுத்ததை எடுத்தாள். இதில் கண்டிப்பாகப் பேசுவார், ஒர்க்‌ஷாப் கதை. ‘உங்ககூட ஒருத்தர் இருப்பாரே, சங்கு ஊதறதுக்கு முன்னாலயே டிபன் பாக்ஸைத் தொறந்துடுவாரே, எல்லாரும்கூடக் கேலி பண்ணுவீங்களே, அவர் பேரு என்னங்க?’ பேர் அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘பிச்சைமுத்து.’ ‘ஆமா, பிச்சைமுத்து. அவரு இப்ப எப்படி இருக்காரு?’ கேட்டு வாயை மூடுவதற்குள் அவளுக்கே நினைவு வந்துவிட்டது. அவர் சொன்னார்: ‘செத்துட்டாரு.’ நாயகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப் பாவி, கேட்க வேறு கேள்வியா கிடைக்கவில்லை? எப்படிச் செத்தார், அதையும் நினைக்காதே, மாடிப்படி ஏறும்போது, நினைக்காதே என்றால் நினைக்காதே. ஒரு பையன் அரைக்கால் சட்டையும் காதில் ஒயருமாக அவர்களைத் தாண்டி மேலே ஓடினான், காதில் கேட்கிற பாட்டோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓடினான். பாடுகிறானே. பெர்னதெத் பார்த்தால் உனக்கு ஓட்டம் பத்தலைடா என்பாள். அவன் நெஞ்சு எப்படி இருக்கும், புதுத் தவில் மாதிரி இருக்கும், எத்தனை அடி வேண்டுமானாலும் அடி என்று. இவருடையது தைத்த தோல். ஆண்டவன் புண்ணியத்தில் உள்ளே ஒரு கம்பிச் சுருளை வைத்துக் குழாயை விரித்துவிட்டிருக்கிறார்கள். படத்தில் காட்டினார்கள், பேனாவுக்குள் இருக்குமே ஸ்பிரிங், அந்த மாதிரி இருந்தது. அதை நம்பி ஒரு மனுஷன் பாலம் ஏறலாமா?

ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கும் அவருக்கும் இடையில் எப்போது இவ்வளவு இடைவெளி விழுந்தது? கல்யாணமான நாளிலிருந்து அவர் ரெண்டு எட்டு முன்னால்தான் நடப்பார், அது வழக்கம்தான், ஆனால் இது ரெண்டு எட்டு இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. இரைப்பு. கிழிந்த துருத்தியை மிதிக்கிற மாதிரி, ஹஸ், ஹஸ், நடுவில் ஒரு சின்ன விசில். எவ்வளவு நேரமாக வருகிறது இது? லாரிச் சத்தத்தில் கேட்காமல் போயிற்றோ. ஐயோ, வாங்குகிறது, அவருக்கு மூச்சு வாங்குகிறது, பேச முடியலையா அங்கயே நின்னுடணும் என்றாளே, நில்லுங்க, நின்னுடுங்க என்று கத்தணும். வாயைத் திறந்தாள். உதடு பிரிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, எச்சில் பசை மாதிரி கெட்டியாக இருந்தது, சத்தம் வரவில்லை. வாயை மூடினாள். மூடியதும் அந்த இரைப்பு மூக்குக்குப் போயிற்று. திறந்தாள், வாய்க்கு வந்தது. அட, இது. இது என்னுடையதா? அவ்வளவு நேரமும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்ததில் தன் உடம்பு என்று ஒன்று கூடவே ஏறி வந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். இப்போது அது ஒன்றொன்றாக வந்து தன்னைச் சொல்லிக்கொண்டது. காதுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், தட தட தட. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது. தொடை ரெண்டும் ஈரமணல் மூட்டை. கால் கேட்கிறது, ரத்தம் குடு ரத்தம் குடு. இதுதானா அது? இந்தப் படபடப்பை அவளுக்கு வேறு பேரில்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால், அகாலத்தில் போன் அடித்தால், ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தால் இப்படித்தான் அடிக்கும். பயம் என்றுதான் அதற்குப் பேர் வைத்திருந்தாள். இப்போது அடிப்பது பயமா, பாலமா? ரெண்டும் ஒரே கதவைத்தான் தட்டுமா? நின்று யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் மேலே, பாலத்தின் உச்சியில், அவர் நின்றுவிட்டார். நின்று ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். தலை குனிந்தது. அதே கை. கதவு நிலையைப் பிடித்த அதே கை, அதே மாதிரி விரல்கள். ‘என்னாங்க’ என்றாள். காற்றுதான் வந்தது. அவர் திரும்பவில்லை. ‘ம்’கூட இல்லை. எந்த ‘ம்’மை வேண்டாம் என்று இவ்வளவு தூரம் வந்தாளோ அந்த ‘ம்’ ஒன்று கிடைத்தால் போதும், சின்னதாக, மூக்கோடு முடிகிறது, எதுவானாலும், ஆத்தா, ஒன்றே ஒன்று. அடுப்பில் பால் இல்லை. இந்தத் தடவை அடுப்பில் எதுவும் இல்லை. அவள் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, குதிக்கிற தாலிச்சரடை இன்னொரு கையில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். மங்கை சின்னப் பிள்ளையாக இருக்கையில் பஸ்ஸுக்குக் குறுக்கே போனபோது ஒருதரம் ஓடியது, அதற்குப் பிறகு இந்த உடம்பு ஓடியதே இல்லை. எங்கே வைத்திருந்தது இந்த ஓட்டத்தை? தார் ரோடு செருப்பைத் திருப்பித் திருப்பி அடித்தது, நாக்கில் துருப்பிடித்த ருசி, காற்று உள்ளே போகிற வழியெல்லாம் எரிந்தது, ஒரு செருப்பு கழன்று போனது, போகட்டும். ஆத்தா ஆத்தா என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்ல நினைத்தாள், ஆ என்பதே வந்தது, த்தா வரவில்லை.

போய்ச் சட்டையைப் பிடித்தாள். பிடித்தது முதுகுப்பக்கம், கை தானாக மேலே போய்ப் பிடரியில் விழுந்தது. ஈரம். சூடு. சோற்றுப் பானை மூடியைத் திறந்தால் கையில் அடிக்குமே, அப்படி ஒரு சூடு. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது, மூக்கு நுனியில் வேர்வை, மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறி, இறங்கி. பாலத்துக்குக் கீழே ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ரிட்டையரானாலும் எந்த வேகனைப் பார்த்தாலும் சக்கரத்தைப் பார்க்காமல் இவருக்கு இருக்க முடியாது, சக்கரச் சத்தத்தில் பெண்டாட்டி கத்தினது எங்கே கேட்கும், அவள்தான் கத்தவே இல்லையே. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கொசுவம், தாலி, ஒற்றைச் செருப்பு. பாலத்தின் சரிவில் தனியாகக் கிடந்த இன்னொரு செருப்பையும் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள், ஒரு சொல் சொல்ல முடியவில்லை. பேசவே முடியலையா, அங்கயே நின்னுடணும். நின்றுவிட்டாள். அப்போது அவர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார், இழுத்த மூச்சை விடாமலே ஆரம்பித்தார். ‘ஏ நாயகி, போன வாரம் பூரா எடது காலை இழுத்த, அதுக்கு முந்தின வாரம் வலது காலை இழுத்த, நானும் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன், பயந்துபோய் நடிக்கிறா, நடிச்சிட்டுப் போறான்னு தைலத்தையும் வாங்கியாந்து வெச்சேன், இன்னிக்கு எந்தக் காலுன்னே மறந்துட்டு நாலு காலு மொளச்ச மாதிரி ஓடியாரியே, எங்கனா வுழுந்து வெச்சா உன் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?’ நாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்பது பிறகுதான் வந்து சேரும்; எடது வலது எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மெதுவாக நடந்திருக்கிறார், அதற்கு வெட்கப்பட வேண்டும், வீட்டுக்குப் போய் வெட்கப்பட்டுக்கொள்ளலாம். இப்போது அவள் காது அந்தப் பேச்சை, துணிக்கடையில் துணியை விரலுக்கிடையில் விட்டு இழுத்துப் பார்ப்பார்களே, எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா என்று, அப்படி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடியாரியே என்ற இடத்தில் லேசாக மெலிந்தது. அறுபடவில்லை. புள்ளைங்களுக்கு என்ற இடத்தில் கொஞ்சம் நடுங்கியது, அது மூச்சுதானா வேறேதாவதா தெரியவில்லை. அறுபடவில்லை. ஆனால் நின்றுகொண்டல்லவா சொன்னார்? நின்றுகொண்டு சொன்னது கணக்கில் சேருமா? அந்தப் பொண்ணு என்ன சொன்னாள், நடக்கும்போது என்றுதானே சொன்னாள். பயம் போன வழியே திரும்பி வந்தது. அவர் அதற்குள் சரிவில் நாலு எட்டு இறங்கிப் போய், குனிந்து அந்தச் செருப்பை எடுத்து, தட்டி, கொண்டுவந்து அவள் காலுக்கு நேராக வைத்தார். அவள் காலை நுழைத்துக்கொண்டாள். நெஞ்சைக் கையால் அமுக்கிப் பிடித்தாள், அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ‘என்னாங்க’ என்றாள், மூச்சு வாங்கினாள். ‘இப்ப சொன்னீங்களே’ என்றாள், மறுபடி வாங்கினாள். ‘அதையே... நடந்துக்கிட்டே... இன்னொருக்க சொல்லுங்க.’